ஆரணியில் ஒரு பீர் என்ன விலை?

ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆரணிக்குப் போய்விட்டு ஞாயிறு காலை திரும்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தில் நாலு வரியில் ஒரு பதிவு போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அதை நீக்கினேன். "ஏன் தூக்கிட்டீங்க, செம காமெடியா இருந்ததே" என்று பதினைந்து பேராவது கேட்டுவிட்டீர்கள். அது காமெடி இல்லை என்பதைச் சொல்ல எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போது சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஊருக்குப் போனாலும் பதிவின் கடைசியில் "இங்கே ஒரு பீர் என்ன விலை" என்று ஒரு வரி எழுதுவது என் வழக்கம். ஆறு வருடமாக எழுதுகிறேன். பஸ் கட்டணம், லாட்ஜ் வாடகை எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரி ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கட்சி. பீர் எல்லா இடத்திலும் ஒன்றுதான், நாம் கொடுப்பது நாற்காலிக்கும் காற்றுக்கும்தான் என்று பெரிய ஆராய்ச்சி செய்தவள் மாதிரி எழுதுவேன். கடலோர ஹோட்டல் ஒன்றில் நானூற்று இருபது ரூபாயைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவள், அதே பாட்டிலுக்கு வேறொரு ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் இருநூறு கேட்டான் என்று சண்டை போட்டிருக்கிறேன். அதையும் பெருமையாக எழுதினேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்தப் பள்ளி, என்ன பெயர் என்பதெல்லாம் இத்தனை வருடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. நடந்த கதைக்கு இது தேவை என்பதால் மட்டும் சொல்கிறேன்.

ஆரணிக்குப் போனதற்கு இரண்டு காரணம். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்க வேண்டும். அப்படியே திருமலை சமணக் கோயிலையும் பார்த்துவிட வேண்டும். கோயம்பேட்டில் காலை 6.10க்கு பஸ். காஞ்சிபுரம், செய்யாறு வழி. டிக்கெட் 152 ரூபாய், நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். காஞ்சிபுரத்தில் பதினைந்து நிமிடம் நின்றான். செய்யாறு வந்ததும் பாதி பஸ் காலியானது. கழுத்தில் அட்டை மாட்டிய பெண்கள் எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 10.20. இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். பக்கத்திலேயே லாட்ஜ், ஏசி அறை 1,350. அறை சுத்தம், குளியலறைக் கதவு மட்டும் சாத்தாது.

லாட்ஜ் வாசலில் மூன்று ஆட்டோ நின்றது. முதலில் இருந்தவர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும், ஒல்லி, மீசையில் அங்கங்கே நரை. திருமலை போய்வர, அங்கே இரண்டு மணி நேரம் நிற்க, 900 ரூபாய் கேட்டார். நான் 700 என்றேன். "ரோடு வேலை நடந்துகினு கீது மேடம், கட்டாது" என்றார். 750க்கு முடித்தேன். பேரம் படிந்தால் எனக்கு அன்றைக்கு நாள் நன்றாக இருக்கும். அப்படி ஒரு ஜென்மம் நான்.

வண்டி கிளம்பியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனில் மேப் திறந்து வைத்திருந்தேன். நேராகப் போனால் இரண்டே நிமிடத்தில் போளூர் ரோடு. இவர் இடப்பக்கம் திரும்பி, கோட்டை மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.

"என்ன ஏழுமலை, ஊரைச் சுத்திக் காட்டுறீங்களா? நான் ஒண்ணும் பட்டிக்காடு இல்ல, மேப்பு கையிலதான் இருக்கு" என்றேன்.

"கோச்சிக்காதீங்கமா. சுத்தறதுக்குத் துட்டு கேக்க மாட்டேன். அந்தத் தெருவுல கடை கீது. அதாண்ட நான் வண்டி விடறதில்ல."

"எந்தக் கடை?"

"ஒயின்ஷாப்புதான்."

"பதினோரு மணிக்கு அது மூடித்தானே இருக்கும்?"

"மூடிகினுதான் கீது. காலுக்குத் தெரியணுமே" என்று சிரித்துவிட்டு, ஹேண்டில்பாரிலிருந்து வலது கையை எடுத்துக் காட்டினார். மணிக்கட்டில் ஒரு கயிறு. முதலில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும், இப்போது கிரீசும் வியர்வையும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது.

இந்தக் கயிறு என்னவென்று தெரியாதவர்களுக்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். குடியை விட நினைக்கிறவர் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய், இத்தனை மாதம் என்று வாய்விட்டுச் சொல்லி, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார். சிலர் மூன்று மாதம், சிலர் ஆறு மாதம். ஏழுமலை ஒரு வருடம் கட்டியிருந்தார். கயிறு கையில் இருக்கும்வரை குடிக்கக் கூடாது. பாட்டிலைத் தொடக் கூடாது. கடைப் படியை மிதிக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து.

"போன ஆடி அமாவாசைக்குக் கட்னேன். இன்னும் இருபத்தி மூணு நாளு. அன்னிக்கிக் கோயில்ல அவுத்துட்டா முடிஞ்சிது" என்றார்.

"சூப்பர் ஏழுமலை" என்றேன். கையை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். சரி, இந்த ஊரில் நமக்கு நல்ல விஷயம் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

களம்பூர் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊருக்கு முன்னாலேயே நெல் அவிக்கிற வாடை வந்துவிடும். ரைஸ்மில் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றதில் இருபது நிமிடம் போனது. இறங்கி டீ குடித்தோம், டீ பன்னிரண்டு ரூபாய். அங்கேதான் அவர் குடும்பக் கதையைச் சொன்னார். மனைவி கோமதி செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை, காலை 5.20க்குக் கம்பெனி பஸ். கோமதிக்கு இரண்டு அண்ணன்கள். ஒரு பொங்கலுக்கு இவர் குடித்துவிட்டுப் போய் அவர்கள் வீட்டு வாசலில் ரகளை செய்ததிலிருந்து நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை வீட்டு வாசலை அவர்கள் மிதித்ததில்லை.

"ஒரு வருசம் முழுசா இருந்து காட்டட்டும், அப்பறம் வரோம்னு சொல்லிட்டாங்க. கோமதி போன் போட்டு இப்பவே கூப்ட்டுடுச்சி. அமாவாசைக்கு ரெண்டு பேரும் வராங்கமா" என்றார். சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார், அவர்கள் இப்போதே வந்துவிட்ட மாதிரி.

திருமலை ஆரணியிலிருந்து ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீட்டர். அவசியம் போங்கள். அடிவாரத்தில் கோயில், அதை ஒட்டிப் பாறைக்குள் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன அறைகள், கூரையில் மங்கிப்போன ஓவியங்கள். மேலே பாறையிலேயே செதுக்கிய பதினாறு அடி உயர நேமிநாதர். செருப்பைக் கீழேயே விட வேண்டும், அதனால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். நான் போனது பன்னிரண்டுக்கு. பாறை சுட்ட சூட்டில் ஓட்டமும் நடையுமாகத்தான் தரிசனம். ஆனாலும் மேலே நின்று பார்க்கும்போது சுற்றிலும் வயலும் ஏரியும், சத்தமே இல்லாமல், மனசு குளிர்ந்துவிட்டது. கைக்கும் வாய்க்கும் பூட்டுப் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்களின் இடம் அது. நான் அங்கேயிருந்து இறங்கி வந்து செய்த காரியத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கீழே வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏழுமலை எங்கிருந்தோ ஒரு பன்னீர் சோடா வாங்கி, ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. ஒரே மடக்கு. விலை பதினைந்து ரூபாய் என்று மூடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு எடுத்து நீட்டினேன். "வுடுங்கமா, வெய்யில்ல வந்துகிறீங்க" என்று வாங்க மறுத்துவிட்டார். 750க்கு இழுத்துப் பிடித்தவளுக்கு அவர் சோடா வாங்கிக் கொடுத்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆரணி. திரும்பும்போதும் கோட்டையைச் சுற்றித்தான் வந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. புடவைக் கடையில் ஒன்றரை மணி நேரம். கத்திரிப்பூ நிறம், பொடிக் கட்டம், சின்ன ஜரிகைக் கரை. 9,400 சொன்னார்கள், 8,200க்கு வாங்கினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே "உங்ககிட்ட யாவாரம் பண்ண முடியாதுங்க" என்று ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆறரைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். காலெல்லாம் வலி, உடம்பெல்லாம் உப்பு. ஒரு பீர் வேண்டும் போலிருந்தது. பதிவின் கடைசி வரியும் வேண்டுமே. ஊரில் ஒரு பெண் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி இடம் எதுவும் இல்லை. லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டால், "லேடீஸுக்கு வாங்கித் தந்தா ஓனர் திட்டுவாரு மேடம்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நானே போயிருக்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நடந்தால் எட்டு நிமிடம். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற ஐம்பது ஆண்களும் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் எவனாவது போனைத் தூக்குவான், அந்தப் படம் திங்கட்கிழமை எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வரும் என்று எனக்குப் பயம். பக்கம் பக்கமாகத் துணிச்சலைப் பற்றி எழுதுகிறவள், எட்டு நிமிடம் நடக்கத் துணியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை வந்தார். காலையில் எத்தனை மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான், ஆனால் சென்னை பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் டிப்போ பக்கமே போய் ஏறிவிடலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். ஏழு மணி என்றேன். பிறகு கேட்டேன்.

"ஏழுமலை, ஒரு உதவி. ஒரே ஒரு பீர் வாங்கித் தர முடியுமா?"

முதலில் சிரித்தார். "இன்னாமா, காலையிலதானே சொன்னேன்."

"நீங்க குடிக்கவா சொல்றேன்? எனக்குத்தானே? வாங்குறது வேற, குடிக்கிறது வேற."

"அதெல்லாம் கயித்துக்குத் தெரியாதுமா. வேற வண்டிக்காரரு ஒருத்தர அனுப்பட்டா?"

"வேண்டாம், ஊர் பூரா தெரியணுமா? நீங்கன்னா எனக்கு நம்பிக்கை. போய்ட்டு வர இருநூறு ரூபாய் வச்சுக்கங்க."

"ஐநூறு குடுத்தாலும் வேணாம்மா. பேஜாரு புடிச்ச வேலை."

எந்த மடையனுக்கும் இது மறுப்பு என்று புரியும். எனக்கு அது விலையாகக் கேட்டது. காலையிலிருந்து தொள்ளாயிரம், எழுநூற்றைம்பது, ஒன்பதாயிரத்து நானூறு என்று கேட்டுக் கேட்டு, யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது பேரத்தின் ஆரம்பம் என்று என் காது முடிவுகட்டியிருந்தது. "சரி, ஐநூறு" என்று நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மசிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பை ஒண்ணு குடுங்கமா. கையால தொட மாட்டேன்" என்றார் கடைசியில்.

புடவையை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு அந்தத் துணிப்பையையும், பீருக்குத் தனியாக இருநூறு ரூபாயும் கொடுத்தேன்.

இருபது நிமிடத்தில் வந்தார். பையை உடம்பில் படாமல், குழந்தை நனைத்த துணியைப் பிடிக்கிற மாதிரி தள்ளிப் பிடித்திருந்தார். கடைக்காரரையே பைக்குள் போடச் சொல்லியிருக்கிறார். என் கையில் கொடுக்கவில்லை, மாடிப்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். மீதிச் சில்லறையும் பைக்குள்ளேயே இருந்தது. பீர் நூற்று எண்பது.

"மூணு படிமா, அந்தக் கடைக்கு" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காலையில ஏழு மணிக்கு வரேன்." ஐநூறு ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். குளிர்ச்சி போய்விடுமே என்ற அவசரம் எனக்கு.

பீர் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், முதல் மிடறில் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு போட்டோ எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன். பார்க்காதவர்களுக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன், கை கூசினாலும்: "ஆரணியில் ஒரு பீர் 180. கொண்டுவர 500. மொத்தம் 680. நட்சத்திர ஹோட்டலை மிஞ்சிவிட்டது. பட்டு ஊரில் பீரும் பட்டு விலைதான் மக்களே." நீங்கள் சிரித்தீர்கள். நானும் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டு சிரித்தேன்.

ஞாயிறு காலை சரியாக ஏழுக்கு ஆட்டோ நின்றது. பின் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தலைக்குக் குளித்து ஈரமுடியை முடிந்திருந்தார். "நம்ம வூட்ல" என்றார் ஏழுமலை. கோமதி. நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழுமலை என் பையை வாங்கி வைக்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தேன். மணிக்கட்டில் கயிறு இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"கயிறு எங்க?"

"அவுத்துட்டேன்மா. விடியக்காலையில கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டோம்."

"குடிச்சீங்களா?"

"இல்லமா."

"அப்புறம் ஏன்?"

"படி ஏறிட்டனே."

"யாருக்கு ஏழுமலை தெரியப்போகுது? பாட்டிலைக்கூடத் தொடலையே நீங்க! அண்ணன்களுக்குச் சொல்லணும்னு என்ன இருக்கு?" என்று அடுக்கினேன். வகுப்பில் காப்பியடித்த பிள்ளைகள் என்னிடம் சொல்கிற அதே வாதம்.

அவர் திரும்பவில்லை. கோமதிதான் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"என்னாண்ட ராத்திரியே சொல்லிட்டாருக்கா. சட்டையத் தொவைக்கப் போட்டேன், ஐநூறு ரூபா இருந்திச்சி. ஏதுன்னு கேட்டேன். உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அண்ணனுங்க வந்தா வேட்டி எடுத்துக் குடுக்கணும்னு ரெண்டு மாசமா துட்டு சேத்துகினு இருந்தாரு. அந்த நெனப்புல போய்ட்டாரு."

"அண்ணன்கள்கிட்ட..."

"நான்தான் போன் போட்டு வரவேணாம்னு சொல்லணும். அடுத்த ஆடிக்கு வாங்கன்னு." ஜன்னல் இல்லாத ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "பூசாரி இப்பவே கட்ட மாட்டேன்னுட்டாரு. அமாவாசை அன்னிக்குத்தான் புதுக் கயிறாம். அதுவரைக்கும் வெறுங்கைதான். அதான்க்கா பயமா கீது."

என் கை தானாகப் பர்சைத் திறந்தது. நாற்பத்து நாலு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. இரண்டாயிரமோ மூவாயிரமோ எடுத்திருப்பேன். கோமதி என் கையை மெதுவாக மூடினார். பிறகு தன் மணிபர்சிலிருந்து நாலாக மடித்த ஐநூறு ரூபாயை எடுத்து, என் மடியில் இருந்த புடவை மேல் வைத்தார்.

"இத நீங்களே வெச்சிக்குங்க. இதுல வேட்டி எடுக்க வேணாம்."

"என்னைத் திட்டுங்க கோமதி" என்றேன். உண்மையாகவே கேட்டேன். திட்டிவிட்டால் இறங்கிப்போய்விடலாம்.

"திட்டறதுக்கு வரலக்கா. ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கட்டா? எனக்கு இத்தினி வருசமா தெரியாது. இவரையும் கேட்டதில்ல. ஒரு பீரு இன்னா வெலக்கா?"

ஆறு வருடமாக ஊர் ஊராகப் போய் நான் எழுதுகிற கேள்வி. இத்தனை ஊரின் விலையும் எனக்கு மனப்பாடம். மடியில் கிடந்த நோட்டைப் பார்த்தபடி சொன்னேன்.

"நூத்தி எண்பது."

"அவ்ளோதானா?" என்றார் கோமதி.

ஏழுமலை வண்டியை எடுத்தார். காலை ஏழேகால், கடை திறக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது, கையில் கயிறும் இல்லை. அப்போதும் அவர் அந்தத் தெருவில் நேராகப் போகவில்லை. இடப்பக்கம் திரும்பிக் கோட்டை மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார். 7.40க்கு ஆற்காடு வழி பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏழுமலை பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, "ஜாக்கிரதையா போங்கமா" என்றார். ஆற்காடு வருவதற்குள் பதிவை நீக்கினேன்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு மூன்று முறை போன் போடப்போய், என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். 'இன்று குடித்தாரா' என்று கேட்க நான் யார்? நேற்று ஆடி அமாவாசை. சாயங்காலம் போட்டேவிட்டேன். கோமதி எடுத்தார்.

"கட்டியாச்சிக்கா" என்றார்.

"நடுவுல...?"

"இல்லக்கா. வெறுங்கையோடவே இருந்துட்டாரு. தெனமும் நான் ஷிப்டு முடிஞ்சி வந்து எறங்கற எடத்துல வண்டியோட நிப்பாரு."

"அண்ணன்கள் வந்தாங்களா?"

"வரல. படி ஏறினவன் குடிக்காமயா வந்திருப்பான்னு கேட்டாங்க. நான் எவ்ளோ சொல்லியும் நம்பல. வுடுங்க, அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, பின்னால் யாரோ கூப்பிட வைத்துவிட்டார்.

அவர்கள் நம்பாததற்கு நான்தான் காரணம். அவர் உண்மையைச் சொன்னதற்கு நான் கொடுக்க வைத்த விலை அது. நூற்று எண்பதும் இல்லை, அறுநூற்று எண்பதும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அன்றைக்கு பஸ் ஏறும்போதே மன்னிப்பு கேட்டேன், "பரவால்லமா" என்று ஏழுமலை சொன்னார். பரவாயில்லாமல் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போகிறவர்களுக்கு. ஆரணிக்கு ஒரு நாள் போதும், இரவு தங்கினால் திருமலையைக் காலையில் முடிக்கலாம். திருமலைக்கு ஆட்டோ 900 கேட்டால் 900 கொடுங்கள், ரோடு நிஜமாகவே மோசம். களம்பூரில் லாரி நெரிசலுக்கு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். புடவைக்குக் காலையில் போனால் கூட்டம் குறைவு, பேரமும் பேசலாம். அங்கே பேசுங்கள், அது அவர்கள் தொழில். பீர் வேண்டுமென்றால் நீங்களே நடந்து போய் வாங்குங்கள். நடக்கத் துணிவில்லை என்றால் என்னைப் போல ஆள் தேடாதீர்கள், பேசாமல் படுத்துத் தூங்குங்கள். பதிவின் கடைசி வரியை இனி எழுதப்போவதில்லை. விலை தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, திருமலை அடிவாரத்தில் பன்னீர் சோடா பதினைந்து ரூபாய்.

ஏழுமலையின் நம்பரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், தர மாட்டேன். லாட்ஜ் வாசலில் நிற்கிற எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறுங்கள். ஒருவேளை அந்த வண்டி நேர்த் தெருவை விட்டுவிட்டுக் கோட்டையைச் சுற்றிக்கொண்டு போனால், மேப்பை மூடி வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.